கவுன்ட்டரில் உட்கார்ந்த ஆடிட்டர்

உலகத்தில் அதிகம் பொய் சொல்வது யார் என்று போட்டி வைத்தால், கல்யாணத் தரகருக்கும் 'பக்கத்துலதான் இருக்கேன், அஞ்சு நிமிஷம்' என்று போனில் சொல்லும் நண்பருக்கும் அடுத்தபடியாக கம்ப்யூட்டருக்குத்தான் பரிசு கொடுக்க வேண்டும்.

'எதிர்பாராத தவறு நேர்ந்துவிட்டது. உங்கள் நிர்வாகியைத் தொடர்பு கொள்ளவும்.'

இதைப் படிக்காத ஆபீஸ்வாசி யாரும் இருக்க முடியாது. என்ன தவறு? எதிர்பார்க்காதது யார்? நிர்வாகி என்பவர் எந்த மாடியில் இருக்கிறார்? ஒன்றும் தெரியாது. சின்ன ஆபீஸ்களில் அந்த நிர்வாகியே நீங்கள்தான். கண்ணாடி முன்னால் நின்று உங்களை நீங்களே தொடர்பு கொள்ள வேண்டியதுதான்.

ப்ரோக்ராம் பாவம், வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. அந்த வாசகத்தை எழுதிய மனிதர் எத்தனையோ வருஷத்துக்கு முன்னால், ஏதோ ஒரு ஊரில், சாப்பாட்டுக்குப் போகிற அவசரத்தில், 'இந்த இடத்தில் கோளாறு வந்தால் அநேகமாக இதனால்தான் இருக்கும்' என்று ஊகித்து எழுதினார். அதாவது பிழைச் செய்தி என்பது ஒருத்தருடைய ஊகம். அந்த ஊகத்தை நம்பி நாம் மிஷினை மாற்றுகிறோம், மீட்டிங் போடுகிறோம், சில சமயம் ஆளையே மாற்றுகிறோம்.

ப்ரோக்ராம் என்ன சொல்கிறது என்பதை விட்டுவிட்டு, அது நிஜமாக என்ன செய்தது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

*

நான் பி.காம். படித்தவன். எதையும் வவுச்சர், கேஷ் புக் என்று சொன்னால்தான் எனக்குப் புரியும். உங்களுக்கும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

பழைய கம்பெனிகளில் கம்பிக்கூண்டு ஒன்று இருக்கும். உள்ளே கேஷியர். மானேஜரே ஆனாலும் கல்லாவில் நேராகக் கை விட முடியாது. வவுச்சர் எழுதி ஓட்டை வழியாக நீட்ட வேண்டும். கேஷியர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒன்று பணம் கொடுப்பார் அல்லது வவுச்சரைத் திருப்பிக் கொடுப்பார்.

கம்ப்யூட்டரில் அந்தக் கேஷியருக்குக் கெர்னல் என்று பெயர். ப்ரோக்ராம்கள் தம் சீட்டில் உட்கார்ந்தபடி கூட்டலாம், பெருக்கலாம், அகர வரிசைப்படி அடுக்கலாம். ஆனால் ஒரு ஃபைலைத் திறக்க, திரையில் ஓர் எழுத்து காட்ட, நெட்வொர்க்கில் ஒரு சேதி அனுப்ப, எல்லாவற்றுக்கும் கெர்னலிடம் வவுச்சர் நீட்டியே ஆக வேண்டும். இது நாகரிகத்துக்காக வந்த வழக்கம் இல்லை. கூண்டைச் சில்லுக்குள்ளேயே கட்டி வைத்திருக்கிறார்கள். இன்டெல் வகைச் சில்லுகளில் கெர்னல் ஓடுவது பூஜ்யமாவது வளையத்தில், மற்றவை எல்லாம் மூன்றாவது வளையத்தில். மூன்றிலிருந்து பூஜ்யத்துக்கு இஷ்டப்பட்ட வழியில் தாண்ட முடியாது. அதற்கென்று விட்ட வாசல் வழியாகத்தான் போகலாம்.

இந்த வவுச்சருக்குத்தான் 'சிஸ்டம் கால்' என்று பெயர். ஒவ்வொரு வகைக்கும் ஒரு நம்பர் உண்டு. நாம் பயன்படுத்தும் 64-பிட் லினக்ஸில் படிப்பதற்கு 0, எழுதுவதற்கு 1, மூடுவதற்கு 3, ஃபைல் திறக்கும் 'ஓப்பன்அட்'டுக்கு 257. இப்படி 300-க்கும் மேல் இருக்கின்றன. பதிலும் நம்பர்தான். காரியம் நடந்தால் பூஜ்யமோ அதற்கு மேலோ. நடக்காவிட்டால் மைனஸ். மைனஸ் 2 என்றால் 'அப்படி ஒரு ஃபைலே கிடையாது', மைனஸ் 13 என்றால் 'இருக்கிறது, ஆனால் உனக்குக் கிடையாது'. (ரேஷன் கடையில் இதே இரண்டு பதில்களை நம்பர் இல்லாமல் வாங்கியிருப்பீர்கள்.)

இப்போது கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஆடிட்டரை உட்கார வைத்தால்? உள்ளே போகிற வவுச்சர், வெளியே வருகிற பதில், இரண்டையும் நோட்டில் குறித்துக்கொண்டே இருப்பார். ப்ரோக்ராமின் மூலநிரல் நமக்குத் தேவையில்லை. அது எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதும் தேவையில்லை. எவ்வளவு ரகசியமான ப்ரோக்ராமும் இந்த ஓட்டைக்கு வந்துதானே ஆக வேண்டும்.

அந்த ஸ்டூலின் பெயர் 'பி-ட்ரேஸ்'. 1975-ல் வெளியான யூனிக்ஸ் ஆறாம் பதிப்பிலேயே அது இருந்தது. வேடிக்கை என்னவென்றால் பி-ட்ரேஸும் ஒரு சிஸ்டம் கால்தான். ஆடிட்டரும் ஸ்டூல் வேண்டுமென்றால் கேஷியரிடம் வவுச்சர் நீட்ட வேண்டும். லினக்ஸில் அதன் நம்பர் 101. மொய் மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

அதன் மேல் உட்கார்ந்து குறிப்பெடுக்கிற ஆடிட்டர் 'ஸ்ட்ரேஸ்'. 1991-ல் பால் கிரானன்பர்க் என்பவர் ஸன் கம்பெனி மிஷின்களுக்காக எழுதினார். பிறகு பிராங்கோ லாங்கெஸ்டர் அதை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

'வணக்கம்' என்று மட்டும் திரையில் எழுதும் ஒரு ப்ரோக்ராமை ஸ்ட்ரேஸ் கண்காணிப்பில் ஓடவிட்டுப் பாருங்கள். பக்கம் நிறைய வவுச்சர்கள் ஓடும். நூலகங்களைத் தேடுகிறது, திறக்கிறது, மூடுகிறது, நினைவகத்தில் இடம் கேட்கிறது. கடைசியில்தான் நம் வணக்கம் வரும்: ஒன்றாம் நம்பர் வவுச்சர், எழுத வேண்டியது 22 பைட், பதில் 22. கணக்கு சரியா என்று பார்த்தேன். வ, ண, க, ஒரு புள்ளி, மறுபடி க, ம, இன்னொரு புள்ளி. ஆக ஏழு குறிகள். யுனிகோடில் தலைக்கு மூன்று பைட், மொத்தம் 21. வரி முடிவுக்கு ஒன்று. டாலி! ஆடிட்டருக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் 'வ'வை மட்டும் '340, 256, 265' என்று எழுதி வைக்கிறார். அதனால் என்ன, கணக்கு சரியாக இருக்கிறதே.

*

ஈரோட்டில் நூல் வியாபாரம் செய்யும் நண்பன் ஒருவன். என்னோடு பி.காம். படித்தவன். (அவன் வியாபாரத்துக்குப் போனான், நான் எழுத வந்தேன். யார் கார் வைத்திருக்கிறோம் என்று உங்களுக்கே தெரியும்.) ஒரு மாதம் ஏழாம் தேதி, சம்பள நாள், அவன் ஆபீஸில் இருந்தேன். சம்பளப் பட்டியல் போடும் ப்ரோக்ராம் காலையிலிருந்து திறக்கவில்லை. 'டேட்டாபேஸ் சிதைந்துவிட்டது' என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது. வெளியே நாற்பது பேர் கவருக்குக் காத்திருக்கிறார்கள்.

ப்ரோக்ராம் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டால், "யாரோ நோண்டியிருக்காங்க சார். சர்வரும் பழசு. புதுசு போட்டுக்கங்க, கொட்டேஷன் அனுப்பறேன்" என்றார்கள்.

யாரோ என்றால் யார்? முந்தின நாள் சாயங்காலம் கடைசியாக அந்த மிஷினில் உட்கார்ந்தவன், டேட்டா என்ட்ரி போடும் பையன். சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது.

"நான் எதையுமே தொடலீங்ணா. வவுச்சர் என்ட்ரி போட்டுட்டு ஆஃப் பண்ணிட்டுப் போனனுங்ணா."

"தொடாம தானாவா கெட்டுப்போகும்?"

அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏழாம் தேதி சம்பளமும் இல்லை, எட்டாம் தேதி வேலையும் இல்லை என்று எழுதி ஒட்டியிருந்தது.

நல்ல வேளையாக நண்பனின் அக்கா மகன் வந்து சேர்ந்தான். இன்ஜினீயரிங் கடைசி வருஷம். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை சொன்னான்:

"மாமா, அது என்ன சொல்லுதுன்னு அப்புறம் பார்த்துக்கலாம். என்ன கேக்குதுன்னு முதல்ல பார்ப்போம்."

ஸ்ட்ரேஸ் போட்டு, நோட்ஸ் எல்லாம் ஒரு ஃபைலில் விழும்படி செய்து, சம்பள ப்ரோக்ராமை ஓடவிட்டான். ஆயிரக்கணக்கில் வரிகள். முதல் பக்கத்திலேயே 'இல்லை', 'இல்லை' என்று ஏகப்பட்ட மைனஸ் இரண்டு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. "அது சும்மாங்க மாமா" என்றான் என்னிடம். எந்த ப்ரோக்ராமும் ஒரு நூலகத்தை நாலு இடத்தில் தேடிவிட்டு ஐந்தாவது இடத்தில் எடுக்கும். மூக்குக் கண்ணாடியைத் தேடுகிற மாதிரி. அந்த 'இல்லை'களைப் பார்த்துப் பயப்படக் கூடாது. கடைசியிலிருந்து படிக்க வேண்டும். 'டேட்டாபேஸ் சிதைந்துவிட்டது' என்ற வாசகத்தைத் திரையில் எழுதுகிற வவுச்சரைக் கண்டுபிடித்து, அதற்கு மேலே ஒவ்வொரு வரியாக ஏற வேண்டும்.

நாலு வரி ஏறினான். அங்கே இருந்தது. ப்ரோக்ராம் ஒரு ஃபைலை எழுதுவதற்காகத் திறக்கப் பார்த்திருக்கிறது. அது டேட்டாபேஸ் இல்லை, 'எத்தனை மணிக்கு யார் வந்தார்' என்று குறித்து வைக்கும் லாக் ஃபைல். கெர்னலின் பதில்: அனுமதி இல்லை. மைனஸ் 13.

டேட்டாபேஸ் கல்லு மாதிரி இருந்தது. அதைத் தொடுகிற கட்டத்துக்கே ப்ரோக்ராம் போகவில்லை. வாட்ச்மேன் நோட்டில் கையெழுத்துப் போட முடியவில்லை என்பதற்காக 'ஆபீஸே இடிந்துவிட்டது' என்று அறிவித்துவிட்டது.

அந்த லாக் ஃபைலின் சொந்தக்காரர் யார் என்று பார்த்தான். 'ரூட்'. அதாவது சர்வ அதிகாரம் படைத்த நிர்வாகி. உண்டான தேதி, முந்தின நாள் ராத்திரி எட்டரை. அந்தப் பையன் ஆறு மணிக்கே கிளம்பிவிட்டான். ராத்திரி எட்டரைக்கு உள்ளே இருந்தது யார் என்று நண்பன் யோசித்தான். வருஷாந்திர சர்வீஸுக்கென்று ப்ரோக்ராம் விற்ற கம்பெனியிலிருந்து வந்த ஆள்தான். அவர் ரூட்டாக உள்ளே போய் ப்ரோக்ராமை ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறார். அப்போது உண்டான புது லாக் ஃபைல் ரூட் பெயரில் பதிவாகிவிட்டது. அடுத்த நாள் சாதாரண ஆளாக உள்ளே வந்தவர்களுக்கு அதில் எழுத உரிமை இல்லை.

ஒரு வரிக் கட்டளையில் சொந்தக்காரர் பெயரை மாற்றினான். வாங்கி வைத்த டீயில் ஆடை படிவதற்குள் சம்பளப் பட்டியல் திறந்தது.

நண்பன் அந்தப் பையனிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. முதலாளிகளுக்கு அந்த வழக்கம் கிடையாது. "போய் கவர் கட்டை எடுத்துட்டு வா... உன் கவரையும் சேர்த்து" என்றான். அந்தப் பையன் ஓடின ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே.

*

ஸ்ட்ரேஸ் குறிப்பு மட்டும் எடுக்கிற ஆடிட்டர். நீட்டிய கையைப் பிடித்து நிறுத்துகிற ஆடிட்டர் ஒருவர் உண்டு. அவர்தான் டீபக்கர். லினக்ஸில் பிரபலமானது 'ஜி.டி.பி.' 1986-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுத ஆரம்பித்தது. 2009-ல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து அதில் 'கேட்ச் சிஸ்கால்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. 'ஓப்பன்அட் வவுச்சரோடு இவன் வந்தால் பிடி' என்று சொல்லிவிட்டு ஓடவிட வேண்டியதுதான். வாசலில் அப்படியே நின்றுவிடும்.

நின்றதும் வவுச்சரின் கட்டங்களைப் படிக்கலாம். சில்லுக்குள் இருக்கும் ரெஜிஸ்டர்கள்தான் அந்தக் கட்டங்கள். வவுச்சர் நம்பர் 'ஆர்ஏஎக்ஸ்' என்ற கட்டத்தில் வருகிறது. விவரங்களுக்கு இன்னும் ஆறு கட்டங்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் இங்கே ஒரு இடத்தில் விழிப்பார்கள். 257 இருக்க வேண்டிய கட்டத்தில் மைனஸ் 38 இருக்கும். 'அப்படி ஒரு வசதியே இல்லை' என்று அர்த்தம். பயப்பட வேண்டாம். கேஷியர் வவுச்சரை வாங்கினதும் பதில் கட்டத்தில் தற்காலிகமாக இதைப் போட்டுவைக்கிறார். அசல் நம்பர் 'ஒரிஜினல் ஆர்ஏஎக்ஸ்' என்ற பெயரில் பத்திரமாக இருக்கும்.

டீபக்கரின் விசேஷம், வவுச்சர் நீட்டியவனைப் பிடித்து 'உன்னை அனுப்பியது யார்? அவனை அனுப்பியது யார்?' என்று மூலம் வரை விசாரிக்கலாம். 'பேக்ட்ரேஸ்' என்று ஒரு வார்த்தை போதும், எந்த வேலைக்குள் எந்த வேலை இதைக் கேட்டது என்று வரிசையாகச் சொல்லிவிடும். 'தொடரு' என்றால் வவுச்சர் உள்ளே போய், பதிலோடு திரும்பும்போது மறுபடி நிற்கும். அந்தப் பதிலை நீங்கள் மாற்றியும் கொடுக்கலாம். டிஸ்க்கில் இடம் இருக்கும்போதே 'இடம் இல்லை' என்று மைனஸ் 28 கொடுத்து, ப்ரோக்ராம் ஒழுங்காகச் சமாளிக்கிறதா, இல்லை மூர்ச்சை போடுகிறதா என்று சோதிக்கலாம். 2016-லிருந்து ஸ்ட்ரேஸும் இந்த விஷமத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது.

*

சரி, கூண்டுக்குள்ளேயே கள்ளன் உட்கார்ந்திருந்தால்?

அதுவும் நடந்திருக்கிறது. 2005 அக்டோபர் 31. அமெரிக்காவில் மார்க் ருஸினோவிச் என்ற விண்டோஸ் நிபுணர் ஒரு விஷயத்தை வெளியிட்டார். மறைந்திருக்கும் வில்லங்கங்களைக் கண்டுபிடிக்கத் தானே எழுதிய கருவியைத் தன் மிஷினிலேயே ஓட்டிப் பார்த்திருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபோல்டர், சில டிரைவர்கள் என்று அகப்பட்டன. அவரோ இந்தத் துறையில் புலி. அவர் வீட்டிலேயே பூனை நுழைந்திருக்கிறது!

விண்டோஸ் கெர்னலிலும் வவுச்சர் நம்பருக்கு எதிரே 'இதைக் கவனிக்க வேண்டியவர் இன்னார்' என்று ஓர் அட்டவணை உண்டு. டீபக்கரை வைத்து அந்த அட்டவணையை எடுத்துப் பார்த்தார். சில வரிகளில் கெர்னலின் முகவரி இல்லை, 'ஏரீஸ்' என்ற யாரோ ஒரு டிரைவரின் முகவரி இருந்தது. ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது என்று எந்த ப்ரோக்ராம் கேட்டாலும், பதிலை இந்த ஏரீஸ் வாங்கி, டாலர் குறி - எஸ்ஒய்எஸ் - டாலர் குறி என்று பெயர் ஆரம்பிக்கும் எதையும் அழித்துவிட்டுக் கொடுத்தது. சோதிக்க, நோட்பேடுக்கு ஒரு பிரதி எடுத்து அந்த எழுத்துகளைப் பெயருக்கு முன்னால் ஒட்டினார். நோட்பேட் மாயமாகிவிட்டது.

எங்கிருந்து வந்தது? கடையில் காசு கொடுத்து வாங்கிய சோனி பிஎம்ஜி பாட்டு சிடியிலிருந்து. பாட்டைக் காப்பியடிக்காமல் தடுக்க அவர்கள் சேர்த்திருந்த மென்பொருள், வாங்கியவரின் கூண்டுக்குள் புகுந்து கேஷியர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. அதை வெறுமனே அழித்தால் சிடி டிரைவே மிஷினிலிருந்து காணாமல் போனது. சில நாட்களிலேயே வைரஸ் எழுதுபவர்களும் தங்கள் சரக்குக்கு அதே டாலர் பெயரைச் சூட்டி இலவசமாக ஒளிந்துகொண்டார்கள். சோனி பிஎம்ஜி லட்சக்கணக்கில் சிடிக்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. வழக்குகள் வந்தன. 2007 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு சமரசம் செய்துகொண்டு, மிஷின் பாதிக்கப்பட்டவர்களுக்கு 150 டாலர் வரை தர ஒப்புக்கொண்டது.

வவுச்சரைப் பார்ப்பது மட்டும் போதாது, கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவர் நிஜக் கேஷியர்தானா என்றும் ஒருமுறை எட்டிப்பார்க்க வேண்டும். ஆடிட்டிங் பேப்பரில் இதற்கு எனக்குப் பத்து மார்க் கேள்வி வந்திருக்கிறது.

*

ஆர்வத்தில் நாளைக்கே ஆபீஸில் இதைப் போட்டுப் பார்க்கக் கிளம்பும் தம்பிகளுக்கு மூன்று எச்சரிக்கைகள்.

ஒன்று, ஒவ்வொரு வவுச்சருக்கும் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை நிறுத்துவதால் வேகம் செத்துப்போகும். பிரெண்டன் கிரெக் என்ற நிபுணர் 2014-ல் வேண்டுமென்றே ஒரு மோசமான உதாரணத்தை எடுத்துச் சோதித்தபோது, அது ஸ்ட்ரேஸின் கீழ் 442 மடங்கு மெதுவாக ஓடியது. வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்கும் நேரத்தில் மெயின் சர்வரில் இதை மாட்டினால், வரிசை உங்களை மாட்டிவிடும்.

இரண்டு, ஆடிட்டரின் நோட்டில் எல்லாம் விழும். பாஸ்வேர்டும் விழும், மற்றவர் கடிதமும் விழும். அந்த ஃபைலை அப்படியே யாருக்கும் அனுப்பாதீர்கள். அடுத்தவர் ப்ரோக்ராமில் எட்டிப்பார்க்கும் ஆசையும் வேண்டாம். இந்த ஆபத்துக்காகவே 2010-லிருந்து உபுன்டு லினக்ஸில், தான் கிளப்பிவிட்ட ப்ரோக்ராம்களை மட்டும்தான் சாதாரண ஆள் கண்காணிக்கலாம் என்று கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள்.

மூன்று, ஒரு ப்ரோக்ராமுக்கு ஒரு நேரத்தில் ஒரே ஆடிட்டர்தான். ஸ்ட்ரேஸ் உட்கார்ந்திருக்கும்போது ஜி.டி.பி. போனால் ஸ்டூல் காலியில்லை என்று பதில் வரும். சில கெட்ட ப்ரோக்ராம்கள் இதைத் தெரிந்துகொண்டு, ஸ்டூலில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் ரொம்ப நல்ல பிள்ளையாக நடிக்கும். ஆடிட் வாரத்தில் நம் ஆபீஸ் நடந்துகொள்வது போல.

இவ்வளவும் உங்களுக்குத் தேவைப்படாமலே போகலாம். ஆனால் 'சிஸ்டம் அப்படித்தான் சார் சொல்லுது' என்று யாராவது ஒரு சின்னப் பையன் பக்கம் விரலை நீட்டும்போது, 'சொன்னது இருக்கட்டும், அது கேட்டது என்ன? கிடைத்த பதில் என்ன?' என்று ஒரு கேள்வி கேட்டுவையுங்கள். அந்தக் கேள்விக்கு டிகிரி தேவையில்லை.

இந்த வசதி மனிதர்களுக்கு வரவில்லையே என்று ஏங்குபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஏக்கமே கிடையாது. 'ஆபீஸ்ல லேட்டாயிடுச்சு' என்று நான் வீட்டுக்கு அனுப்பும் செய்திக்கு மேலே இருக்கிற நாலு வரியை யாரும் படிக்க வேண்டியதில்லை.